கோரை, நூல், சாயம்: பத்தமடைப் பாயில் சகப்பிணைப்பின் வகைகள்

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து நிற்பது சகப்பிணைப்பு. ஒரு அணு எலக்ட்ரானைக் கொடுத்து, இன்னொன்று வாங்கிக்கொண்டு, எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்பது அயனிப்பிணைப்பு. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியை ஒட்டிய தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் உப்பு அயனிப்பிணைப்பால் ஆனது. அதே ஆற்றோரமாக மேற்கே போனால், சேரன்மாதேவியை அடுத்த பத்தமடையில் நெய்யப்படும் கோரைப் பாய் ஏறக்குறைய முழுவதும் சகப்பிணைப்பால் ஆனது. உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தனித்தனியே பிரிந்து நீருக்குள் போய்விடும். கோரையை ஆற்றில் பல நாள் ஊறப்போட்டாலும் அது ஊறி உப்புமே தவிர, அணு அணுவாகப் பிரியாது. கரைவது கரையாதது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. சர்க்கரையும் சகப்பிணைப்புப் பொருள்தான், அதுவும் கரைகிறது. ஆனால் கரைந்த சர்க்கரையின் மூலக்கூறு உடையாமல் முழுசாகவே நீருக்குள் இருக்கிறது.

சகப்பிணைப்புக்கு முதலில் தெளிவான உருவம் கொடுத்தவர் அமெரிக்க வேதியியலர் கில்பர்ட் லூயிஸ். அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வரைந்து, இரண்டு அணுக்களுக்கு நடுவே வரும் ஒரு ஜோடிப் புள்ளிதான் ஒரு பிணைப்பு என்று அவர் 1916இல் எழுதினார். அதற்குச் சகப்பிணைப்பு என்ற பொருளில் ஆங்கிலப் பெயரை 1919இல் இர்விங் லாங்மூர் வைத்தார். பொதுவில் வைத்தால் ஏன் ஒட்ட வேண்டும் என்ற கேள்விக்கு 1927இல் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு ஹைட்ரஜன் மூலக்கூறில் விடை கண்டார்கள். இரண்டு எலக்ட்ரான்களும் இரு அணுக்கருக்களுக்கும் இடைப்பட்ட வெளியில் அதிக நேரம் இருக்கின்றன. நேர்மின் கருக்கள் இரண்டும் அந்த எதிர்மின் முகிலை நோக்கி இழுபடுகின்றன. கருக்கள் 74 பிக்கோமீட்டர் இடைவெளிக்கு வரும்போது அமைப்பின் ஆற்றல் மிகக் குறைவு. அதுதான் ஹைட்ரஜனின் பிணைப்பு நீளம். ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு மோல் ஹைட்ரஜனில் இந்தப் பிணைப்புகளை எல்லாம் அறுக்க 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும்.

பள்ளிப் புத்தகங்கள் சகப்பிணைப்பின் வகைகளை ஒரே பட்டியலில் அடுக்கிவிடுகின்றன: ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு, முனைவுள்ளது, முனைவற்றது, ஈதல் சகப்பிணைப்பு, சிக்மா, பை. மாணவர்கள் குழம்புவதற்கு இந்த அடுக்குதான் காரணம். இவை ஒன்றுக்கொன்று மாற்றான வகைகள் அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எத்தனை ஜோடி பொதுவில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த ஜோடியை இரு அணுக்களும் சமமாக அனுபவிக்கின்றனவா என்பது இன்னொன்று. ஜோடியை யார் கொண்டுவந்தது, அது இரண்டு அணுக்களுக்கு நடுவிலேயே தங்குகிறதா, பலவற்றின் மேல் பரவுகிறதா என்பன வேறு இரண்டு. ஒரே பிணைப்பு இரட்டையாகவும், முனைவுள்ளதாகவும், பாதி பரவியதாகவும் இருக்கலாம். பத்தமடைப் பாயைக் கோரை, நூல், சாயம் என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அதிலேயே கிடைக்கிறது.

பாயின் உடம்பு கோரை. ஈரமான கரைகளில் வளரும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி மெல்லிய இழைகளாக்குகிறார்கள். தறியில் பருத்தி நூல் பாவாக ஓட, கோரை இழை ஊடையாகப் போகிறது. பட்டு நூல் சேர்த்து நெய்வதும் உண்டு. கோரையில் பெரும்பங்கும் பருத்தியில் ஏறக்குறைய முழுப்பங்கும் செல்லுலோஸ். இதைத் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்து 1838இல் அறிவித்தவர் பிரான்சின் அன்செல்ம் பாயன். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி இது.

செல்லுலோஸ் சங்கிலியில் இருப்பவை எல்லாமே ஒற்றைப் பிணைப்புகள்: கார்பன்–கார்பன், கார்பன்–ஆக்சிஜன், கார்பன்–ஹைட்ரஜன், ஆக்சிஜன்–ஹைட்ரஜன். ஒரே ஒரு ஜோடி எலக்ட்ரான், இரு கருக்களையும் இணைக்கும் நேர்கோட்டின் மேலேயே முகிலாக நிற்கிறது. இந்த அமைப்புக்கு சிக்மா பிணைப்பு என்று பெயர். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீட்டர், ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 347 கிலோஜூல். கார்பன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு 143 பிக்கோமீட்டர், 358 கிலோஜூல். முகில் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருப்பினாலும் பிணைப்பு அறுவதில்லை. ஒற்றைப் பிணைப்பு சுழலும் என்பது இதனால்தான்.

சுழலும் என்றால் எந்தத் திசையிலும் எப்படியும் நிற்கும் என்று பொருளல்ல. சகப்பிணைப்புக்குத் திசை உண்டு. அயனிப்பிணைப்புக்கு அது இல்லை. கார்பனின் நான்கு ஒற்றைப் பிணைப்புகளும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 109.5 பாகைக் கோணத்தில் நிற்கின்றன. இந்தத் திசையின் விளைவைக் காணத் தாமிரபரணிக் கரையில் இரண்டு பயிர்கள் போதும். நெல்லின் மாவுச்சத்தும் கோரையின் செல்லுலோசும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. அலகுகளைக் கோப்பதும் ஒரே கார்பன்–ஆக்சிஜன்–கார்பன் ஒற்றைப் பிணைப்புதான். மாவுச்சத்தில் அந்தப் பிணைப்பு குளுக்கோஸ் வளையத்திலிருந்து ஒரு பக்கமாக இறங்குகிறது. அதனால் சங்கிலி சுருண்டுகொள்கிறது. செல்லுலோசில் அது மறுபக்கம் திரும்பி நிற்கிறது. சங்கிலி நேராக ஓடுகிறது. மனிதக் குடலில் இருக்கும் நொதியால் முதல் வகையை அறுக்க முடியும், இரண்டாவதை முடியாது. பிணைப்பின் பெயரும் வலுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் ஒன்று சோறாகிறது, மற்றது பாயாகிறது. காகிதத்தில் இரண்டையும் ஒரே கோடாக வரைவதில் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

கோரையை ஏன் ஊறவைக்க வேண்டும் என்பது இரண்டாம் கேள்விக்குக் கொண்டுபோகிறது: பொதுவில் வைத்த ஜோடி சமமாகப் பங்கிடப்படுகிறதா? ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டும் ஒரே தனிமம், பங்கும் சமம். அது முனைவற்ற பிணைப்பு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேரும்போது ஆக்சிஜன் ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்த இழுவிசையை எலக்ட்ரான் கவர்தன்மை என்பார்கள். லைனஸ் பாலிங் 1932இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அந்த அளவில் இன்று புளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.35 மட்டுமே, அந்தப் பிணைப்பை முனைவற்றது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.24, ஆக்சிஜன் முனை சிறிது எதிர்மின்னாகவும் ஹைட்ரஜன் முனை சிறிது நேர்மின்னாகவும் ஆகிவிடுகிறது. சோடியத்துக்கும் குளோரினுக்கும் இந்த வித்தியாசம் 2.23; பங்கீடு என்ற பேச்சே இல்லாமல் எலக்ட்ரான் ஏறக்குறைய முழுவதும் ஒரு பக்கம் போய்விடுகிறது. ஆகவே முனைவற்ற சகப்பிணைப்பிலிருந்து உப்பின் அயனிப்பிணைப்பு வரை நடுவில் வேலி எதுவும் கிடையாது. இழுவை ஏற ஏற ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. ஆற்று மணலில் மின்னும் குவார்ட்ஸின் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு இந்தச் சரிவில் நட்டநடுவே நிற்கிறது. அங்கே தனி மூலக்கூறு என்று ஒன்றும் இல்லை. ஒரு மணல் பரல் முழுவதும் ஒரே பின்னலாகச் சகப்பிணைப்பில் கோத்திருக்கிறது. அதனால்தான் குவார்ட்ஸ் அவ்வளவு கடினம்.

செல்லுலோசின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள் வெளியே நீட்டி நிற்கின்றன. ஒரு சங்கிலியின் நேர்மின் ஹைட்ரஜன், பக்கத்துச் சங்கிலியின் எதிர்மின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இந்த ஈர்ப்புக்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. பெயரில் பிணைப்பு இருந்தாலும் இது சகப்பிணைப்பு அல்ல. இதன் ஆற்றல் பொதுவாக மோலுக்கு 20 கிலோஜூல் சுற்றி. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்புக்கோ 463. ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். நேராக ஓடும் சங்கிலிகள் அடுத்தடுத்துப் படுத்து, ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு நார் ஆகின்றன. கோரையை இழுத்தால் சட்டென்று அறாததற்கு இரண்டும் வேண்டும்: நீளவாக்கில் சகப்பிணைப்பு, பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்பு.

நீரும் முனைவுள்ள மூலக்கூறு. ஊறும் கோரைக்குள் நீர் நுழைந்து, சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படாத இடங்களில் அவற்றுக்கு இடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கித் தானே அங்கே உட்காருகிறது. தண்டு உப்புகிறது, இளகுகிறது, மெல்லிசாகக் கிழிக்க வருகிறது. ஊறும் நாட்களில் நீரில் உள்ள நுண்ணுயிர்கள் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் போன்ற பொருள்களின் சகப்பிணைப்புகளை நொதிகளால் அறுப்பதும் நடக்கிறது. ஆக, நீர் வேறு, நுண்ணுயிர் வேறு. முன்னது பலவீனமான பிடியைத் தளர்த்துகிறது, பின்னது உண்மையான பிணைப்பை அறுக்கிறது. வெயிலில் நீர் வெளியேறியதும் சங்கிலிகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மறுபடி விழுகின்றன. அறுந்த பெக்டின் திரும்பி வருவதில்லை.

கோரையிலும் பருத்தி நூலிலும் இரட்டைப் பிணைப்பைத் தேடினால், கோரையில் செல்லுலோசோடு கலந்திருக்கும் லிக்னின் என்ற பொருளில் மட்டும்தான் கணிசமாக அகப்படும். இரட்டைப் பிணைப்பு நிறைந்திருப்பது சாயத்தில். இரண்டு ஜோடிகள் பொதுவில் வரும்போது முதல் ஜோடி சிக்மாவாக நேர்கோட்டில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது ஜோடிக்கு அங்கே இடமில்லை. கோட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு பட்டைகளாகப் பரவுகிறது. இதுதான் பை பிணைப்பு. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பின் நீளம் 134 பிக்கோமீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 614 கிலோஜூல். ஒற்றையின் 347ஐ இரட்டித்தால் 694 வர வேண்டும், வரவில்லை. பக்கவாட்டில் உரசி நிற்கும் பை பிணைப்பு நேருக்கு நேர் நிற்கும் சிக்மாவைவிடப் பலவீனம் என்பதே காரணம். அது கருக்களிலிருந்து விலகி வெளியே தெரியும்படி நிற்பதால் வேதிவினைகளில் முதலில் அடிபடுவதும் அதுவே. ஒளி பட்டால் முதலில் கிளர்ச்சியடைவதும் அதுவே.

இரட்டைப் பிணைப்பு சுழலாது. ஒரு முனையைத் திருப்பினால் மேலும் கீழுமான பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய் பை பிணைப்பு அறுந்துவிடும். இந்தச் சுழலாமை பட்டுப் பாயின் பட்டு இழையில் வேறு வடிவத்தில் இருக்கிறது. பட்டு ஒரு புரதம். அமினோ அமிலங்களைக் கோப்பது கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு. படத்தில் அதை ஒற்றைக் கோடாகத்தான் போடுவார்கள். ஆனால் அளந்தால் சாதாரண ஒற்றைப் பிணைப்பின் 147 பிக்கோமீட்டர் இல்லை. 133 தான் வருகிறது. பக்கத்து ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு இங்கேயும் பாதி படர்ந்து, இதைப் பாதி இரட்டையாக்கிவிட்டது. அதனால் அது சுழல்வதில்லை. அதன் இருபுறமும் உள்ள மற்ற இரு ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே சுழலும். அந்த இரண்டு சுழற்சிக் கோணங்களில் எவையெவை அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் சாத்தியம் என்று கணக்கிட்டு வரைந்ததுதான் இன்று உலகெங்கும் புரத ஆய்வில் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் அதை வெளியிட்டார்கள். ஒற்றைப் பிணைப்பு சுழலும், இரட்டை சுழலாது என்ற ஒரு விதியிலிருந்து இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது.

முப்பிணைப்பு பாயில் இல்லை. பாயைச் சுற்றியுள்ள காற்றில் நிறைய இருக்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், அதன் இரு அணுக்களுக்கு நடுவே மூன்று ஜோடிகள்: ஒரு சிக்மா, இரண்டு பை. நீளம் 110 பிக்கோமீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 945 கிலோஜூல். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. கார்பனில் ஒற்றை 347, இரட்டை 614, முப்பிணைப்பு 839. ஒவ்வொரு கூடுதல் ஜோடியும் முந்தையதைவிடக் குறைவாகவே சேர்க்கிறது. நைட்ரஜனில் தலைகீழ்: ஒற்றை வெறும் 160 சுற்றி, இரட்டை 418, முப்பிணைப்பு 945. நைட்ரஜன் அணுவில் பிணைப்பில் சேராத ஒரு தனி ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. ஒற்றைப் பிணைப்பில் இரு அணுக்களின் தனி ஜோடிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிணைப்பைப் பலவீனமாக்குகின்றன. முப்பிணைப்பில் அவை நேரெதிர்த் திசைகளில் வெளிப்பக்கம் போய்விடுவதால் அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. தலைக்கு மேலே டன் கணக்கில் நைட்ரஜன் இருந்தும் வயலுக்கு யூரியா வாங்கிப் போட வேண்டியிருப்பது இந்தப் பிணைப்பை நெல்லால் அறுக்க முடியாததால்தான். நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் நொதியின் உதவியால் அதை அறுக்கின்றன. உரத் தொழிற்சாலைகள் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அறுக்கின்றன.

செயற்கைச் சாயம் செய்யும் இடத்தில் இந்த முப்பிணைப்பு சிறிது நேரம் தலைகாட்டுகிறது. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் 1858இல் கண்டுபிடித்த டையசோ சேர்மத்தில், ஆறு கார்பன்களால் ஆன பென்சீன் வளையத்தின் ஓரத்தில் நைட்ரஜன்–நைட்ரஜன் முப்பிணைப்பு தொங்குகிறது. பிரிந்து நைட்ரஜன் வாயுவாகப் போய்விடத் துடிக்கும் அதைப் பனிக்கட்டியில் வைத்து, 5 டிகிரி செல்சியசுக்குள் அடக்கிவைத்துத்தான் கையாள வேண்டும். அந்த நிலையில் இன்னொரு வளையச் சேர்மத்தோடு சேர்த்தால் முப்பிணைப்பு இரட்டையாகி, இரு வளையங்களுக்கும் நடுவே பாலமாக உட்காருகிறது. இந்த நைட்ரஜன்–நைட்ரஜன் இரட்டைப் பாலம்தான் அசோ சாயங்களின் அடையாளம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று துணிக்கும் கோரைக்கும் சந்தையில் கிடைக்கும் செயற்கைச் சாயங்களில் மிகப் பெரிய குடும்பம் இது. அதே பாலம் உடலில் அறுபட்டால் சில சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்கள் வெளிவரும். 1990களில் ஜெர்மனி, இந்தியா உள்ளிட்ட நாடுகள் பென்சிடின் வகை முதலான பல அசோ சாயங்களைத் தடை செய்தது இதனால்.

ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு நிறம் தந்துவிடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஒற்றையும் இரட்டையும் நீளமாக அமைய வேண்டும். அப்போது பை எலக்ட்ரான்கள் தத்தம் இரண்டு அணுக்களுக்கு நடுவே தங்காமல், ஊர்ப் புறம்போக்குபோல எல்லா அணுக்களுக்கும் பொதுவாகிவிடுகின்றன. இதை உள்ளடங்கா எலக்ட்ரான் அமைப்பு என்பார்கள். பென்சீன் இதற்கு மூல உதாரணம். ஆறு கார்பன்கள் வளையமாக நின்று மாறி மாறி ஒற்றையும் இரட்டையும் கொண்டிருப்பதாக 1865இல் கெக்குலே வரைந்தார். அப்படியென்றால் மூன்று பக்கம் 154ம் மூன்று பக்கம் 134ம் இருக்க வேண்டும். பென்சீனின் ஆறு பக்கமும் ஒரே அளவு, ஏறத்தாழ 140 பிக்கோமீட்டர். வளையம் தட்டையானது, சமபக்கமுடையது என்பதைப் பென்சீன் வகைச் சேர்மம் ஒன்றில் எக்ஸ் கதிர் கொண்டு 1929இல் காட்டியவர் கேத்லீன் லான்ஸ்டேல்.

அந்த வளையத்தில் எலக்ட்ரான்கள் உண்மையிலேயே பரவித் திரிகின்றனவா என்பதற்கு வேறு வழியில் சான்று தேடியவர், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்த கல்கத்தா ஆய்வில் ராமனுக்குத் துணையாக இருந்தவர் என்றே பலருக்கும் அவரைத் தெரியும். படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு அவர் செய்த நுணுக்கமான அளவீடுகள் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற வளையச் சேர்மங்களின் படிகத்தில் காந்தம் ஒரு திசையில் ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் செயல்பட்டது. வளையத் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தம் பாயும்போது விளைவு மிகுதி. வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் தங்குதடையின்றி ஓடினால்தான் அப்படி வரும். லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936இல் எழுதிய கட்டுரை, இந்தக் காந்த அளவீட்டிலிருந்தே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்று கணிக்க வழி காட்டியது. ராமன் விளைவும் பிணைப்பைப் பார்க்கும் கண்ணாடிதான். கூடுதல் ஜோடி, விறைப்பான பிணைப்பு. விறைப்பு கூடினால் அதிர்வெண்ணும் கூடும். சிதறிய ஒளியில் அந்த அதிர்வெண்ணைப் பார்த்தே ஒற்றையா, இரட்டையா, முப்பிணைப்பா என்று சொல்லிவிடலாம்.

பரவிய பை அமைப்பு நீளமாக நீளமாக, எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் குறைந்துகொண்டே வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சிவப்பு முனையில் ஏறத்தாழ 170 கிலோஜூல், ஊதா முனையில் 300. தேவைப்படும் ஆற்றல் இந்த எல்லைக்குள் இறங்கியதும் சேர்மம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. மீதி நிறமாகத் தெரிகிறது. செல்லுலோசில் சிக்மா மட்டுமே இருப்பதால் அது தெரியும் ஒளியை விழுங்குவதில்லை. சுத்தமான பருத்தி வெள்ளையாக இருப்பது அதனால்.

செயற்கைச் சாயம் வருவதற்கு முன் கோரைக்குச் சிவப்பு தந்தது சப்பங்கி மரக்கட்டை. கேரளத்தில் குடிநீரில் போடும் பதிமுகம் இதுவேதான். புதிதாக வெட்டிய கட்டையின் வயிரம் வெளிர் நிறமாக இருக்கும். காற்றுப்பட்ட பிறகு சிவக்கும். கட்டையில் உள்ள பிரேசிலின் என்ற சேர்மம் நிறம் அற்றது. அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் உண்டு, ஆனால் நடுவில் ஒற்றைப் பிணைப்புகள் குறுக்கிட்டு அவற்றைப் பிரித்துவைத்திருக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் அதிலிருந்து இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைப் பறிக்கிறது. குறுக்கே நின்ற இடத்தில் புதிய இரட்டைப் பிணைப்பு விழுந்து இரு வளையங்களும் ஒரே பரப்பாகிவிடுகின்றன. பிரேசிலீன் என்ற சிவப்பு பிறக்கிறது. சப்பங்கி ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகும், சுண்ணாம்பு கலந்தால் கருஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு ஓர் ஆக்சிஜனில் இருக்கும் ஹைட்ரஜனைக் கழற்றிவிட, அங்கே மிஞ்சிய எதிர்மின்னூட்டமும் பரவிய அமைப்போடு சேர்ந்து அதை இன்னும் விரித்துவிடுகிறது.

சப்பங்கிச் சாறு தானாகக் கோரையில் நிலைத்து நிற்காது. படிகாரம் சேர்க்க வேண்டும். இங்கேதான் மூன்றாம் கேள்வி, ஜோடியை யார் கொண்டுவந்தது என்பது வருகிறது. இதுவரை பார்த்த பிணைப்புகளில் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு ஜோடி சேர்ந்தது. படிகாரத்தின் அலுமினிய அயனியிடம் கொடுக்க எதுவும் இல்லை, காலி இடங்கள் மட்டும் உண்டு. சாயத்தின் அருகருகே உள்ள இரண்டு ஆக்சிஜன்கள் தம் தனி ஜோடிகளை முழுசாகக் கொடுத்து அலுமினியத்தை இரு பக்கமும் கவ்விக்கொள்கின்றன. நாரில் உள்ள ஆக்சிஜன்களும், கடுக்காய் ஊட்டியிருந்தால் அதன் துவர்ப்புப் பொருளும் மறுபக்கம் அதே அலுமினியத்தைப் பிடிக்கின்றன. இந்தக் கொடுக்கல்முறைக்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர். உலோகத்தைச் சுற்றி மூலக்கூறுகள் இப்படி அணிவகுப்பதை 1893இல் விளக்கிய ஆல்ஃபிரட் வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அது எலக்ட்ரான் ஜோடிகளின் கொடுக்கல் வாங்கல்தான் என்று பின்னர் தெளிவுபடுத்தியவர் நெவில் சிட்ஜ்விக்.

ஈதல் என்பது பிணைப்பு உண்டான கதையைச் சொல்கிறதே தவிர, உண்டான பின் அதற்குத் தனி முத்திரை இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மோனியாவின் நைட்ரஜன் தன் தனி ஜோடியை ஒரு ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுத்து அம்மோனியம் ஆகிறது. அதில் உள்ள நான்கு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் நீளத்திலும் வலுவிலும் ஒன்றே; நான்காவதாக வந்தது எது என்று எந்தக் கருவியாலும் காட்ட முடியாது. பாடப்புத்தகங்கள் இந்தப் பிணைப்பை அம்புக்குறியால் காட்டுவது வரலாற்றுக் குறிப்பு என்ற அளவில் சரி. அதைத் தனி இனமாக மனப்பாடம் செய்யவைப்பது தேவையற்ற சுமை.

சாயம் நாரைப் பிடித்துக்கொள்ளும் வழி இது ஒன்று மட்டுமல்ல. 1880களில் பால் பாட்டிகர் உருவாக்கிய காங்கோ சிவப்பு, படிகாரம் இல்லாமலே பருத்தியில் நேரடியாக ஏறிய முதல் செயற்கைச் சாயம். நீளமான தட்டையான அந்த மூலக்கூறு செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் அதைவிட மெல்லிய ஈர்ப்புகளாலும் தங்குகிறது. சாயக்கொதியில் கோரையைப் போட்டதும் நார் உப்பிச் சாயம் உள்ளே போய் உட்காரும். சகப்பிணைப்பு எதுவும் விழாததால், வந்த வழியே நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகவும் செய்யும். நேரடிச் சாயம் ஏற்றிய துணி முதல் சலவைகளில் சாயம் விடுவது இதனால்.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்த வினைபடு சாயங்கள் இதை மாற்றின. சாய மூலக்கூறின் ஓரத்தில் குளோரின் தாங்கிய ஒரு வளையம் வைக்கப்பட்டது. சோடா கலந்த காரநீரில் செல்லுலோசின் ஆக்சிஜன் அந்தக் குளோரினை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தானே கார்பனோடு சேர்கிறது. சாயமும் நாரும் கார்பன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பால் ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன. திருப்பூர் பின்னலாடைகளில் இன்று அதிகம் பயன்படுவது இந்த வகை. 20 கிலோஜூல் பிடிக்கும் 358 கிலோஜூல் பிடிக்கும் உள்ள தூரம் சலவையில் தெரிகிறது. இதற்கு விலையும் உண்டு: காரநீரில் ஒரு பகுதிச் சாயம் நாரை விட்டுவிட்டு நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. அதைக் கழுவி வெளியேற்றத்தான் சாயப்பட்டறைகளுக்கு அவ்வளவு தண்ணீர் செலவாகிறது.

தண்ணீருக்குத் தப்பிய சாயமும் வெயிலுக்குத் தப்புவது கடினம். தரையை எட்டும் சூரிய ஒளியில் புற ஊதாப் பகுதியின் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் வரை போகிறது. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பையே அறுக்கப் போதுமான அளவு. ஒளியை விழுங்காத மூலக்கூறை அது ஒன்றும் செய்யாது. விழுங்குவதற்கென்றே அமைந்த சாயம்தான் அடிவாங்குகிறது. கிளர்ச்சியடைந்த சாயம் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிய, பரவிய பை அமைப்பு எங்காவது ஓரிடத்தில் முறிகிறது. மூலக்கூறின் மற்ற பகுதி அப்படியே இருந்தாலும் நிறம் போய்விடும். பாயைக் கடும் வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்தச் சொல்வது இதனால். சாயம் போடாத வெறுங்கோரையில் நடப்பது வேறு. செல்லுலோஸ் பெரும்பாலும் சும்மா இருக்க, அதோடு கலந்துள்ள லிக்னினின் பென்சீன் வளையங்கள் புற ஊதாவை விழுங்கி, ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன் என்ற இரட்டைப் பிணைப்பு மிகுந்த சேர்மங்களாக மாறுகின்றன. பழைய செய்தித்தாள் பழுப்பதும் இதே வினையால்தான். ஒரே வெயிலில் கிடக்கும் பாயில் சிவப்புக் கரை வெளிறிக்கொண்டே வர, நடுவில் உள்ள வெளிர்கோரை மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகிறது.